உருகிய பின் பெயரில்லை

டில்லியில் ஜாமா மஸ்ஜிதின் செம்மணற்கல் படிகளில் இறங்கி, மீனா பஜாரின் தொப்பிக் கடைகளையும் போர்வைக் கடைகளையும் அத்தர் வாசனையையும் கடந்து நடந்துகொண்டிருந்தபோது, கூட்டம் வட்டமாகக் குழுமி நின்ற ஓரிடத்தில் நானும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். இது நடந்து பல வருஷங்கள் ஆகின்றன; ஆனால் அன்று கண்ட காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. தரையில் விரித்த அழுக்குத் துணியின்மேல் மண்ணிறமான ஓந்திகள் ஐந்து, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளமும் வளையம் வளையமாக முட்கள் பதிந்த தடித்த வாலும் கொண்டவை, வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. அருகே பம்ப் அடுப்பின்மேல் ஒரு சிறிய இரும்பு வாணலியில் மஞ்சள் நிறமான எண்ணெய் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் விரற்கடை உயரமுள்ள கண்ணாடிக் குப்பிகள் அணிவகுத்து நின்றன. மூட்டுவலி முதல் வெளியில் சொல்லக் கூசும் ஆண்மைக்குறை வரையில் எல்லாவற்றையும் தீர்க்கவல்லது என்று அந்த எண்ணெயின் மகிமையை விற்பவர் உருதுவில் பொழிந்துகொண்டிருந்தார். ஓந்திகள் செத்தவை என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் அவற்றில் ஒன்று கண்ணை மூடித் திறந்ததைக் கண்டேன். ஓடிவிடாதபடி அவற்றின் முதுகெலும்பை முறித்து வைத்திருந்தார்கள்.

வடநாட்டார் இந்தப் பிராணியைச் சாண்டா என்பார்கள். தார்ப் பாலைவனத்திலும், கட்ச் பிரதேசத்திலும், ஹரியானாவின் வறண்ட மூலைகளிலும் வளை தோண்டி வாழும் முள்வால் ஓந்தி இது. வங்காளப் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்து, ஓய்வு நேரத்தையெல்லாம் பிராணிகளின் சித்திரங்களைச் சேகரிப்பதில் செலவிட்ட தாமஸ் ஹார்ட்விக் என்பவரின் பெயரை 1827இல் இதன் விஞ்ஞானப் பெயரோடு ஒட்டவைத்தார்கள். இலை தழைகளையே பெரும்பாலும் தின்று, குளிர்காலம் வந்ததும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உறங்கிப்போகும் இந்தச் சாதுவான ஜீவன், உறக்கக் காலத்துக்கு வேண்டிய உணவையெல்லாம் கொழுப்பாக்கி உடலிலும் வாலடியிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புத்தான் அதற்கு வினையாக முடிந்தது.

வாணலியில் நடந்துகொண்டிருந்த காரியம் என்ன என்பதை அறிய ரசாயனசாலைக்குப் போகவேண்டியதில்லை. வெண்ணெய் காய்ச்சும் நம் வீட்டு அடுப்படியே போதும். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பென்றால் பதினாறு பங்கு அளவுக்கு நீர் இருக்கிறது. மிச்சம் பாலின் கசடு. அடுப்பில் வைத்ததும் சடசடவென்று எழும் ஓசை அந்த நீர் ஆவியாகும் ஓசைதான். நீர் இருக்கும் வரையில் சட்டியின் உஷ்ணம் நூறு பாகையைத் தாண்டி அதிகம் ஏறமாட்டாது. நீர் தீர்ந்ததும் ஓசை அடங்கும், உஷ்ணம் விறுவிறுவென்று ஏறும், கசடு சிவக்கும். ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு, ஓசை அடங்கிய அந்தக் கணத்தில் சட்டியை இறக்கிவிடுகிற பாட்டிமார்கள் உஷ்ணமானியின் உதவியில்லாமல் காதாலேயே நீரின் அளவைக் கணித்தவர்கள். மிருகக் கொழுப்பை உருக்குவதும் இதே வித்தைதான். கொழுப்புத் திசு என்பது எண்ணற்ற நுண்ணிய பைகளின் அடுக்கு. ஒவ்வொரு பையிலும் ஒரு துளி கொழுப்பு. பைகளைக் கட்டி நிறுத்துவது நாரைப் போன்ற ஒரு புரதம். இளஞ்சூட்டில் அந்த நார் சுருங்கிப் பைகளைப் பிழிகிறது. பைகள் வெடித்துக் கொழுப்பு கசிந்து வெளிவருகிறது. அனுபவசாலிகள் ஆரம்பத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துவிடுவார்கள். தண்ணீர் தீரும்வரை திசு கருகாது என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் மொறுமொறுப்பான பழுப்புச் சக்கை மேலே மிதக்க, தெளிந்த நெய் கீழே நிற்கும். அதைத் துணியில் வடிகட்டி எடுத்தால் வேலை முடிந்தது. நீர் எஞ்சியிருந்தால் நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும். செம்புப் பாத்திரத்தில் வைத்தாலோ அந்த உலோகமே காற்றிலுள்ள பிராணவாயுவைத் தூண்டிவிட்டுக் கெடுதலைத் துரிதப்படுத்தும்.

இப்படி வடித்தெடுத்த பொருள் எது என்ற கேள்விக்கு முதன்முதலில் தெளிவான விடை கூறியவர் பிரெஞ்சு ரசாயனப் பேராசிரியர் மிஷேல் ஷெவ்ரல். மிருகக் கொழுப்புகளைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1823இல் வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருஷம் முன்பாகப் பிறந்து, ஐஃபல் கோபுரம் எழுந்த 1889ஆம் வருஷத்தில் நூற்றிரண்டு வயது நிரம்பியவராய்க் காலமான அந்தப் பெரியவர், கொழுப்பு என்பது ஒரே பண்டமன்று, கிளிசரினும் பலவகை அமிலங்களும் சேர்ந்த கூட்டு என்பதைச் சோப்பைப் பிரித்துப் பார்த்தே நிறுவினார். ஒரு கிளிசரின் மூலக்கூற்றை மூன்று பேர் அமரும் பலகையாகக் கொள்ளலாம்; மூன்று இருக்கையிலும் மூன்று கொழுப்பமிலங்கள் அமர்ந்திருக்கின்றன. அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அந்தக் கொழுப்பு கல்லாக இறுகுமா, குழம்பாக நிற்குமா, எண்ணெயாக ஓடுமா என்பது நிர்ணயமாகிறது. ஸ்டியரிக் அமிலம் 69 பாகையிலும், பால்மிடிக் அமிலம் 63 பாகையிலும்தான் உருகும்; ஓலியிக் அமிலமோ 13 பாகையிலேயே உருகிவிடும்; லினோலியிக் அமிலம் பனிக்கட்டியின் குளிரிலும் இறுகாது. முன்னவை இரண்டும் நேரான விறகுகள். கட்டாகக் கட்டினால் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். பின்னவை இரண்டும் நடுவில் ஒடிந்த கோணற் சுள்ளிகள். எப்படி அடுக்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. வித்தியாசம் அவ்வளவே.

ஜீவராசிகள் இந்த விதியை நமக்கு வெகுகாலம் முன்பே அறிந்து பயன்படுத்திக்கொண்டவை போலத் தோன்றும். மாடு எந்தப் பசும்புல்லைத் தின்றாலும் அதன் கொழுப்பு இறுகியே இருப்பதற்குக் காரணம், அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புல்லிலுள்ள கோணற் சுள்ளிகளையெல்லாம் ஹைட்ரஜன் ஏற்றி நிமிர்த்திவிடுவதுதான். வனஸ்பதி ஆலைக்காரர்கள் நிக்கல் தூளை வைத்துக்கொண்டு செய்ததை மாடு ஆதிகாலந்தொட்டு வயிற்றுக்குள்ளேயே செய்துவருகிறது. அதே மாட்டின் குளம்பையும் கணுக்காலையும் வேகவைத்து எடுத்தால் கிடைப்பது கட்டிக் கொழுப்பன்று, திரவ எண்ணெய். தோல் பதனிடுவோரும் சேணம் செய்வோரும் பெரிதும் விரும்பிய பொருள் அது. உடலின் நடுப்பகுதியைவிடக் கால் குளிர்ந்திருக்கும். அங்கேயுள்ள கொழுப்பு அந்தக் குளிரிலும் இறுகாமல் நெகிழ்ந்திருக்கவேண்டும். பன்றிக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. ஆகையால் அது தின்றதன் சாயல் அதன் கொழுப்பில் அப்படியே படிந்துவிடும். சாண்டாவுக்கோ உடலுக்கென்று நிரந்தரமான சூடே இல்லை. வளைக்குள் குளிர் இறங்கும்போது அதுவும் குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிரிலும் உறையாமல், வேண்டும்போது எடுத்துச் செலவழிக்கத்தக்கதாகச் சேமிப்பு இருக்கவேண்டுமானால், கோணற் சுள்ளிகள் அதில் கணிசமாக இருந்தே தீரவேண்டும். பாலைவனத்து நாடோடிகள் சாண்டாவைப் பிடித்து அதன் கொழுப்பிலேயே அதன் இறைச்சியை வதக்கி உண்டதில் ஒரு சிக்கனம் உண்டு. ஆனால் டில்லித் தெருவில் அதன் எண்ணெய்க்கு ஏற்றிக் கூறப்படும் மருத்துவ குணங்களுக்கு ஆதாரமாக அந்த எண்ணெயில் ஒன்றும் இல்லை. நாம் தாளிக்கும் எண்ணெயிலுள்ள அமிலங்கள்தாம் அதிலும் இருக்கின்றன. சூடாகத் தேய்த்தால் வலிக்குச் சற்று இதம் தெரியலாம். அந்த இதம் சூட்டுக்கும் தேய்த்த கைக்கும் உரியது.

பழந்தமிழில் நெய் என்ற சொல் பசுவின் நெய்யை மட்டும் குறித்ததன்று. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. ஆவின் நெய், பன்றி நெய், மயில் நெய் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெயரைச் சேர்த்தாலன்றி அது எதன் நெய் என்பது விளங்காது. இந்த மொழிவழக்கில் ஓர் உண்மை அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. மாமிசத்துக்கு நாரும் நிறமும் உண்டு, தோலுக்கு மயிரும் வரியும் உண்டு, எலும்புக்கு வடிவமுண்டு, இவற்றில் எதைக் கண்டாலும் அனுபவமுள்ளவன் பிராணியின் பெயரைச் சொல்லிவிடுவான். கொழுப்போ உருகி வடிகட்டிய அக்கணமே தன் பூர்வீகத்தை இழந்துவிடுகிறது. மஞ்சளாக, தெளிவாக, யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு திரவமாக அது குப்பிக்குள் நிற்கிறது. மதமும், சட்டமும், அங்காடியும் அதன் பெயரைக் கேட்கின்றன. அது வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்தால் டில்லி நகரம் ஒருமுறைக்கு மேல் கலங்கியிருக்கிறது.

ஜாமா மஸ்ஜிதிலிருந்து செங்கோட்டையின் ஓரமாக வடக்கே நடந்து, ரயில் பாலத்தைத் தாண்டிக் காஷ்மீர் கேட்டை நோக்கிப் போனால், லோதியன் சாலையின் நடுவே போக்குவரத்து இருபுறமும் பாய, இடிந்த செங்கல் வாயில் ஒன்று தன்னந்தனியாக நிற்பதைப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் டில்லி வெடிமருந்துக் கிடங்கில் எஞ்சியிருக்கும் பகுதி அது. 1857ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி, மீரட்டிலிருந்து இரவோடிரவாகக் குதிரையேறி வந்த சிப்பாய்கள் யமுனையின் படகுப்பாலத்தைக் கடந்து நகருக்குள் புகுந்த அன்று, கிடங்கு அவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று லெப்டினன்ட் வில்லோபியும் அவருடைய ஆட்களும் அதற்குத் தாங்களே தீ வைத்தார்கள். அந்தக் கலகத்துக்கு அரசியலும் நிலவரியும் ராஜ்யப் பறிப்புமாக ஆயிரம் காரணங்கள் இருந்தன என்பதைச் சரித்திராசிரியர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தீப்பொறியாக விழுந்தது ஒரு மசகின் பெயர் தெரியாத சங்கதி.

மசகு எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். புதிதாக வந்த என்ஃபீல்ட் துப்பாக்கியின் குழாயில் உட்புறமாகத் திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அவற்றில் இறுகப் பொருந்திச் சுழன்று வெளியேறினால்தான் குறி தப்பாது. ஆனால் கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடமான கரியாகவும் உப்பாகவும் மாறும்; அதில் ஒரு பகுதி குழாயிலேயே படிந்துவிடும். சில முறை சுட்டதும் அடுத்த குண்டை உள்ளே இறக்கவே முடியாது. ஆகவே மருந்தையும் குண்டையும் சுற்றியிருந்த காகிதத் தோட்டாவின் ஒரு முனையில் கொழுப்பைத் தடவினார்கள். கொழுப்பமிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: அதன் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், மற்ற முனை வெளியே நீட்டி நிற்கும். கோடானுகோடி மூலக்கூறுகள் இப்படி அருகருகே நின்றால் உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய பாய் விரித்தது போலாகிவிடும். இரண்டு உலோகப் பரப்புகள் உராயும்போது பாயும் பாயும்தான் உரசிக்கொள்கின்றன. வில்லியம் ஹார்டி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1922இல் இதைச் சோதனைகளால் விளக்கினார். நம் வண்டிக்காரர்கள் அவருக்குக் காத்திருக்கவில்லை. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சில் பூசிக்கொண்டு, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

என்ஃபீல்ட் தோட்டாவின் மசகு ஐந்து பங்கு கொழுப்பு, ஐந்து பங்கு ஸ்டியரின், ஒரு பங்கு மெழுகு என்ற கணக்கில் தயாராயிற்று என்று சொல்லப்படுகிறது. ஸ்டியரின் சேர்த்ததன் நோக்கம் எளிதில் விளங்கும்: சிப்பாயின் தோல்பையில், வைகாசி வெயிலில், மசகு உருகி ஓடிவிடக் கூடாது. இந்தியாவின் சீதோஷ்ணத்தை மசகு தாங்குமா என்று பார்ப்பதற்காகவே 1853இல் தோட்டாக்களை இங்கே அனுப்பிச் சிப்பாய்களின் பைகளில் மாதக்கணக்கில் சுமக்கவைத்துச் சோதித்தார்கள். எத்தனை பாகையில் உருகும் என்று அவ்வளவு அக்கறையோடு விசாரித்த இலாகா, எந்தப் பிராணியின் கொழுப்பு என்று விசாரிக்க மறந்தது. கல்கத்தாவின் ஒப்பந்தக்காரர் கொழுப்புக் கொடுத்தார். அவர் எங்கே வாங்கினாரோ, அங்கே யார் எதை உருக்கினாரோ, யாரும் கேட்கவில்லை. தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும் என்பது பயிற்சி விதி. 1857 ஜனவரியில் டம்டமில் பரவத் தொடங்கிய வதந்தி, பசுவென்று ஹிந்துவையும் பன்றியென்று முஸ்லிமையும் ஒரே சமயத்தில் துணுக்குறச் செய்தது. சர்க்கார் பதறியடித்துக்கொண்டு, சிப்பாய்கள் தாங்களே நெய்யும் மெழுகும் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. சந்தேகம் அதனால் வலுத்ததே தவிர நீங்கவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் எண்பத்தைந்து குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9ஆம் தேதி அணிவகுப்பு மைதானத்தில் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் நடந்தது உலகறிந்தது.

பசுவா, பன்றியா? 1857இல் பூமியிலிருந்த எந்த ரசாயன நிபுணரிடம் அந்த மசகைக் கொடுத்திருந்தாலும் அவரால் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் இரண்டிலும் இருப்பவை அதே பால்மிடிக், ஸ்டியரிக், ஓலியிக் அமிலங்கள்தாம். அளவில் வித்தியாசம் உண்டு, ஆனால் கலந்துவிட்டால் அளவு எதையும் நிரூபிக்காது. மர்மம் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. மூன்று பேர் அமரும் பலகை என்று முன்பு சொன்னேனே, அதில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் நடுவில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மாட்டுக் கொழுப்பில் நடு இருக்கை பெரும்பாலும் ஓலியிக் அமிலத்துக்கு. பால்மிடிக் ஓரத்துக்குத் தள்ளப்படும். தாவர எண்ணெய்களிலும் இதே சம்பிரதாயந்தான். பன்றிக் கொழுப்பிலோ முறை தலைகீழாக மாறி, பால்மிடிக் அமிலம் நடுவில் வந்து அமர்கிறது. செங்கற்கள் ஒன்றே, அடுக்கியதில்தான் கொத்தனாரின் கை தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில்தான், முதலில் உருகுநிலையின் நுண்ணிய வித்தியாசங்களைக் கொண்டும், பிறகு ஓர இருக்கைகளை மட்டும் வெட்டியெடுக்கும் செரிமான நொதியைக் கொண்டும் இந்த அடையாளத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இவ்விடத்தில் வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது: பால்மிடிக் அமிலத்தை நடுவில் அமர்த்தும் இன்னொரு பிரபலமான கொழுப்பு, மனிதத் தாயின் பாலிலுள்ள கொழுப்பு. அப்படி அமைந்திருப்பதால்தான் பச்சைக் குழந்தைக்கு அது நன்றாகச் செரிக்கிறது. சைவரும் அசைவரும் சண்டையிடும் சபையில் இதைச் சொல்லிவிட்டு உயிரோடு திரும்புவது சிரமம்.

சுதந்திரம் வந்த பிறகும் கொழுப்பின் மௌனம் டில்லியை விடவில்லை. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கிய வனஸ்பதி, 1937இல் டால்டா என்ற பெயரோடு கடைக்கு வந்து, பார்வைக்கு நெய்யைப் போலவே மணல் மணலாக உறைந்து நின்றதனால், நெய் வியாபாரிகளின் கலப்பட ஆசைக்கு வரப்பிரசாதமாயிற்று. 1950இல் வனஸ்பதியையே தடை செய்யவேண்டும் என்ற மசோதா பார்லிமெண்டின் முன் வந்தது. நிறமூட்டிவிட்டால் ஏமாற்ற முடியாதல்லவா என்றார்கள். சமைத்தாலும் மறையாத, உடம்புக்கும் ஒவ்வாமை செய்யாத, மலிவான நிறம் அகப்படவில்லை. கடைசியில் சர்க்கார் கைக்கொண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு டின் வனஸ்பதியிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கலந்தே தீரவேண்டும் என்று விதித்தார்கள். கண்ணுக்கும் நாவுக்கும் அது தெரியாது. ஆனால் சந்தேகப்பட்ட நெய்யில் சிறிது எடுத்து, அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் ஒரு துளி இருந்தாலும் அமிலம் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். ஊமைப் பொருளின் மடியில் அதன் பெயரை எழுதிச் சீட்டுக் கட்டியனுப்புவது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் சீட்டு, கட்டப்பட்ட பொருளுக்குத்தான் பேசும். வனஸ்பதிக்குள்ளேயே வேறொன்று புகுந்தால்? 1983இல் அதுவே நடந்தது. சோப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. கலந்தவர்களுக்கு ரசாயனம் உடந்தையாக இருந்தது. இறுக்கிய தாவர எண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தில் உருகி ஒரே வெண்மையில் உறைபவை. ஒரே ஒரு துப்பு உண்டு. மிருகக் கொழுப்பு எதுவானாலும் அதில் சிறிது கொலஸ்டிரால் கலந்திருக்கும். தாவர எண்ணெயில் அதற்குப் பதிலாக அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களான தாவர ஸ்டிரால்கள் இருக்கும். பார்லிமெண்டில் பெருங்கூச்சல் எழுந்தது. மாட்டுக் கொழுப்பு இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. கரோல் பாக்கில் எங்கள் தெருவிலிருந்த மிட்டாய்க் கடைகளில் 'சுத்தமான தேசி நெய்' என்ற பலகைகள் திடீரென்று பெருத்துத் தோன்றிய காலம் அது. பலகை எழுதுகிறவருக்கு ஸ்டிரால் தெரியவேண்டிய அவசியமில்லை.

காட்டு மிருகத்தின் விஷயத்தில் பெயரின் தேவை இன்னும் கடுமையானது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாண்டாவைப் பிடிப்பதையும் விற்பதையும் மட்டுமன்றி, அதன் உடலிலிருந்து எடுத்த பொருளைக் கையில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் குப்பியிலுள்ளது சாண்டாதான் என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டவேண்டுமே! ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே ஜோடி ரசாயனச் சாவியால் ஏறக்குறைய எந்தப் பிராணியின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பெருக்கி அதன் இனத்தை அறியும் முறையை உருவாக்கினார்கள். ஒரு துணுக்குச் சதையோ தோலோ அகப்பட்டால் போதும். எண்ணெயில்தான் சிக்கல்: நெடுநேரக் கொதிப்பில் மரபணு நூல் துண்டு துண்டாக அறுந்துபோகிறது; வடிகட்டும் துணி சக்கையோடு மிச்சத்தையும் அகற்றிவிடுகிறது. அரைகுறையாக வடித்த எண்ணெயின் அடியில் தங்கிய கசடுதான் பரிசோதகருக்குத் தெய்வம். நன்றாக உருக்கத் தெரிந்தவன் சாட்சியையும் சேர்த்தே அழித்துவிடுகிறான்.

காட்டுக் கொழுப்பின் மேல் இருந்த மோகம் தீர்ந்த சரித்திரமும் ஒன்று உண்டு. எண்ணெய்த் தலைத் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய், உண்மையில் கொழுப்பன்று, திரவமான மெழுகு. கடுஞ்சூட்டிலும் கெடாமல் உலோகத்தைப் பற்றி நிற்கும் அதன் குணத்துக்காக அமெரிக்க மோட்டார்க் கார்களின் தானியங்கிப் பல்சக்கரப் பெட்டிகளில் அதைச் சேர்த்துவந்தார்கள். 1970இல் அந்நாட்டு அரசு அழியும் பிராணிகளின் பட்டியலில் திமிங்கிலத்தைச் சேர்த்து இறக்குமதியை நிறுத்தியபோது, யந்திர நிபுணர்கள் கையைப் பிசைந்தார்கள். மாற்று கிடைத்தது மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய பாலைவனத்தில் முளைக்கும் ஹொஹோபா என்ற புதரின் விதையில். அதன் எண்ணெயும் கொழுப்பன்று, திமிங்கிலத்தினுடையதைப் போன்ற திரவ மெழுகுதான். ஜோத்பூரிலுள்ள வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் அந்தப் புதரை இந்தியாவுக்குக் கொணர்ந்து, ராஜஸ்தானத்து மணலில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. எந்த மணலின் அடியில் சாண்டா உறங்குகிறதோ, அதே மணல்.

மீனா பஜாருக்குத் திரும்புவோம். அந்த ஓந்திகளை ஏன் உயிரோடு, முதுகொடிந்த நிலையில், துணியின்மேல் கிடத்தவேண்டும் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கொன்று உருக்கி, குப்பியில் அடைத்து, நிழலில் உட்கார்ந்து விற்றாலென்ன? பிற்பாடு யோசித்தபோதுதான் காரணம் தெளிவாயிற்று. குப்பியிலுள்ள மஞ்சள் திரவத்துக்குத் தன் பெயரைச் சொல்லும் சக்தி இல்லை. கடுகெண்ணெய்க்கும் அதற்கும் கூட்டத்திலிருப்பவர் எவராலும் வேற்றுமை காணமுடியாது. ஆகையால் பிராணியே வந்து பக்கத்தில் கிடந்து, கண்ணை மூடித் திறந்து, இது என்னுடையது என்று சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. செத்த ஓந்தியின் சாட்சியை வாங்குகிறவன் நம்புவதில்லை. நேற்றையது, அல்லது எதுவோ, என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவான்.

சில நூறு கிராம் எடையுள்ள ஓர் ஓந்தியின் வாலடியிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்பு முழுவதையும் உருக்கினால் இரண்டு மூன்று கரண்டி தேறலாம்; குளிர்காலத்தில் தோண்டியெடுத்ததென்றால் அதுவும் தேறாது, பாதியை அது தின்று தீர்த்திருக்கும். அன்று நான் நின்றிருந்த அரைமணி நேரத்துக்குள் பன்னிரண்டு குப்பிகள் விலைபோயின. வாணலியில் எண்ணெய் குறையவில்லை. துணியின்மேல் ஓந்திகள் ஐந்தும் அப்படியே கிடந்தன.